மூன்றாவது பிடி மண்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, காற்று கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை. நாகர்கோவிலில் மூன்று வருடம், மீதியெல்லாம் இங்கே துபாய்ப் பக்கம் அஜ்மானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். கண் முன்னால் எத்தனையோ பேர் மூச்சை விட்டிருக்கிறார்கள். கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டு அடுத்த பத்தாவது நிமிடம் டியூட்டி ரூமில் உட்கார்ந்து பரோட்டா தின்றிருக்கிறேன். ஒரு ஆவியும் வந்து எனக்கும் ஒரு துண்டு பிய்த்துக் கொடு என்று கேட்டதில்லை.

அதனால் இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால், தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றிருப்பாய் என்று சொல்லி உப்பும் சர்க்கரையும் கலக்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் இது ராத்திரியில் நடந்தது இல்லை, தனியாக இருக்கும்போது நடந்ததும் இல்லை. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, கூட இருபத்தெட்டுப் பேர் இருக்கும்போது நடந்தது.

என் வீட்டுக்காரர் பெயர் மிக்கேல். வீட்டுக்காரர் என்று உங்களுக்குத்தான் சொல்கிறேன், நான் அவனை மிக்கேலு என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வா போ என்றுதான் பேசுவேன். கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரை ஊர் எங்களுக்கு. ஒரே தெரு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறைக்கல்விக்கு ஒரே பெஞ்சு, அப்புறம் திடீரென்று அவர் இவர் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. மாமியார் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

நான் இங்கே வந்து இரண்டு வருடம் கழித்து அவனும் வந்தான். வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்தில் ஓர் அரபியின் லாஞ்சில் மீன்பிடி வேலை. பத்து நாள் கடல், மூன்று நாள் கரை. எனக்கு ஐந்து பெண்களோடு ஒரே அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு, பெட் ஸ்பேஸ் என்பார்கள், அவனுக்குத் துறைமுகத்திலேயே கேம்ப். அவன் கரைக்கு வந்தால் பஸ் பிடித்து அஜ்மான் வருவான், கடற்கரையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். சிரிக்காதீர்கள், அந்தப் பெஞ்சில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். மகள் ஊரில் என் அம்மாவிடம் இருக்கிறாள், இப்போது ஏழு வயது.

வந்த முதல் வருடமே வலை இழுக்கிற வின்ச்சுக் கயிறு அவனுடைய வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவை எடுத்துவிட்டது. அதற்குக் கட்டுப் போட்டது நான், தையல் பிரித்தது நான். அந்தப் பெஞ்சில் வைத்துத்தான். நகம் இல்லாமல், மழுங்கி, இறுகிப்போன நுனி. ஒன்பதே முக்கால் விரல்காரன் என்று கேலி செய்வேன். அந்த விரலை எந்த இருட்டில் தொட்டாலும் எனக்குத் தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு நாள் திடீரென்று காற்றடித்து லாஞ்சு கவிழ்ந்துவிட்டது. மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேருடைய உடல் கிடைத்தது. மிக்கேல் கிடைக்கவில்லை.

லாஞ்சு கவிழ்ந்து கிடந்த இடம் எல்லைக்குப் பக்கம். கொஞ்சம் தள்ளினால் அது வேறு நாட்டுத் தண்ணீர். எல்லை தாண்டிப்போன எங்கள் ஆட்களை அக்கரையில் பிடித்துவைப்பது புதிது ஒன்றும் இல்லை. பெயரைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு, யாருக்கும் தகவல் சொல்லாமல், ஆறு மாதம், ஒரு வருடம் என்று உள்ளே போட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவன் செத்தான் என்று எல்லாக் காரியமும் முடித்து, பதினோராவது மாதம் தாடியும் மீசையுமாக வாசலில் வந்து நின்றான், அவன் பெண்டாட்டி அப்படியே மயங்கி விழுந்தாள். ஆகவே நான் நம்பிக்கொண்டிருந்தது பைத்தியக்காரத்தனம் இல்லை. எனக்கு ஒரு முகாந்திரம் இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கு ஒரு பெட்டி வாங்கி, அதில் அவன் உடுத்திய சட்டையும் கைலியும் வைத்து, பூசை முடித்து, கல்லறைத் தோட்டத்தில் இறக்குவார்கள். குழிக்குள் ஆளுக்கு மூன்று பிடி மண். மண் போடும்போது செத்தவன் பெயரைச் சொல்லிச் செபிப்பார்கள். அதோடு அவன் செத்தவன். அதுவரைக்கும் அவன் கடலுக்குப் போனவன், அவ்வளவுதான். அந்த மூன்று பிடி மண்ணைப் போட விடமாட்டேன் என்று எட்டு மாதம் நான் ஒருத்தி நின்றேன்.

மிக்கேலின் அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவார்.

"எம்மா ஜெசி, இனியும் எத்தன நாளு இப்பிடியே கெடக்கது? அவனுக்க ஆத்துமம் அலையப்போவுது. ஊருல நாலு பேரு நாலு விதமா பேசுதாவ."

"அவனுக்க ஆத்துமம் அவனுக்க ஒடம்புக்குள்ளதான் கெடக்கு. சட்டையப் பொதைக்கதுன்னா ஒங்க சட்டையப் பொதைங்க" என்பேன். பெரியவரிடம் பேசுகிற பேச்சா அது. ஆனால் அப்போது நான் அப்படித்தான் இருந்தேன். கல்லறைத் திருநாள் பூசைக்குப் போகவில்லை. எங்கள் அன்பியக் கூட்டத்தில் மரித்தோருக்காகச் செபம் ஆரம்பித்தால் எழுந்து கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்வேன். அந்தச் செபம் நடக்கிற இடத்தில் நான் இருந்தால், வாய் தவறி அவன் பெயரை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். பெயர் சொன்னால் போச்சு. படித்தவள்தான், இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் அப்படி ஒரு பயம்.

அன்பியம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒருமுறை கூடிச் செபிக்கிற குழு. எங்கள் அன்பியத்துக்குத் தலைவி ரோஸ்லின் அக்கா. தூத்துக்குடிக்காரி, நல்ல மனசு, ஆனால் யாரையும் சும்மா இருக்க விடமாட்டாள். அவள்தான் டூர் ஏற்பாடு பண்ணினாள். ஒரு நாள் போய்விட்டு ஒரே நாளில் திரும்புவது. அல் ஐன் தாண்டி ஒரு மலையடிவாரத்தில் ஐயாயிரம் வருடத்துக் கல்லறைகள் இருக்கின்றன, கைடோடு போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே பேரீச்சந்தோப்பில் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றாள்.

"எளா ஜெசி, ரூமுக்குள்ளேயே சுருண்டு கெடந்து என்னத்தக் காணப் போற? ஒரு நா வெளிக்காத்து பட்டுட்டு வா."

கல்லறை பார்க்கவா என்று கேட்டேன். அது யாரோ எவரோ, எலும்பு கூட இல்லையாம் என்றாள். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றைக்கு வரைக்கும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குளிர்காலம், சனிக்கிழமை. காலையில் பஸ் கிளம்பும்போது எல்லாரும் பாட்டும் சிரிப்புமாக இருந்தார்கள். நான் கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மணலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் கைடு ஏறினார். சிவநேசன் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், தொப்பி, தோளில் ஒரு பை, கையில் டார்ச். வழக்கமாக வெள்ளைக்காரர்களைத்தான் கூட்டிப்போவாராம். எங்களைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பதினைஞ்சு வருசமா இந்தக் கதைய இங்கிலீசிலதான் சொல்லிக்கொண்டு இருக்கிறன். இண்டைக்குத்தான் தமிழில சொல்லப்போறன், பிழை விட்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். பஸ்ஸே கைதட்டியது.

அந்த இடத்தை நீங்கள் பார்த்திருந்தால், கல்லறை என்று சொன்னால்தான் தெரியும். மொட்டை மலை, அதன் காலடியில் அங்கங்கே பெரிய பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி கல் குவியல்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன வாசல். மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே நான்கு பேர் நெருக்கியடித்து உட்காரலாம்.

சிவநேசன் அண்ணன் நன்றாகத்தான் சொன்னார். ஒரே கல்லறையில் பல பேரை வைப்பார்களாம், புது ஆளை வைக்கும்போது பழைய எலும்பை ஓரமாக ஒதுக்கிவிடுவார்களாம். எங்கள் ரூமில் பெட் ஸ்பேஸ் மாதிரிதான் என்று யாரோ சொன்னார்கள், நானே சிரித்துவிட்டேன். எட்டு மாதத்தில் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பிறகு கடைசியில், கொஞ்சம் தள்ளித் தனியாக இருந்த ஒரு குவியலுக்குக் கூட்டிப்போனார்.

"மற்றதெல்லாத்திலயும் எலும்பு, பானை, மணி எண்டு எடுத்து மியூசியத்தில வைச்சிட்டினம். இதில மட்டும் ஒண்டும் இருக்கேல்லையாம். ஒருத்தரையும் வைச்ச அடையாளமே இல்ல. ஆருக்கோ கட்டியிருக்கினம், ஆள் வந்து சேரேல்ல. அப்பிடித்தான் நாங்கள் சொல்லுறது. ஒவ்வொருத்தராப் போய்ப் பாக்கலாம். உள்ளுக்க இருந்து ஒண்டையும் எடுக்கவும் வேண்டாம், ஒண்டையும் போடவும் வேண்டாம்."

ஆள் வந்து சேரவில்லை என்று கேட்டதும் நான் கூட்டத்தை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ரோஸ்லின் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், காத்திருந்து காத்திருந்து யாருக்கோ கட்டி வைத்திருக்கிறார்களே, கல்லறைக்கு வந்துவிட்டு ஒரு செபம் சொல்லாமல் போகக் கூடாது என்று ஆரம்பித்துவிட்டாள். உலகத்தில் வேறு எந்தக் கூட்டமாவது ஐயாயிரம் வருடத்துக் காலிக் கல்லறைக்கு முன்னால் நின்று மரித்தோர் செபம் சொல்லுமா? நாங்கள் சொல்வோம். எங்கள் ஆட்களுக்குக் கல்லறையைக் கண்டால் சும்மா நிற்கத் தெரியாது.

"பொது இடம் அக்கா, சத்தமாச் சொல்லக் கூடாது, எனக்குப் பிரச்சினையாப் போயிடும்" என்றார் சிவநேசன் அண்ணன்.

"மெதுவாத்தாம்யா சொல்லப் போறோம். ரெண்டே நிமிசம்."

இருபத்தெட்டுப் பேரும் அரை வட்டமாக நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு எரிச்சல். ஓடி ஒளிய அங்கே கழிவறையா இருக்கிறது, பஸ் நின்றது ரொம்பத் தூரம். வெட்டவெளி. எனக்குத் தெரிந்த ஒரே மறைவு அந்த வாசல்தான். செபம் காதில் விழக் கூடாது என்று நான் குனிந்து அதற்குள் நுழைந்துவிட்டேன். செத்தவர்களுக்கான செபத்துக்குப் பயந்து கல்லறைக்குள் போய் உட்கார்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே அவ்வளவு வெளிச்சம், உள்ளே போனதும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கையால் தடவி, சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மண் காய்ந்து பொடியாக இருந்தது, நல்ல ஞாபகம் இருக்கிறது, முட்டியில் ஒட்டியதைத் தட்டிவிட்டேன். வெளியே செபச் சத்தம் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி மந்தமாகக் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. ரோஸ்லின் அக்கா குரல்:

"யாருக்குன்னு சொல்லி வேண்ட? பேரு வேணுமே."

"ஆதாம்னு வையுங்கக்கா" என்று யாரோ சொல்ல, சிரிப்பு. அக்கா அதட்டினாள்.

அப்போதுதான் என் வலது கையை யாரோ பிடித்தார்கள்.

யாரோ எனக்குப் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், பயமெல்லாம் இல்லை. அந்தக் கை என் உள்ளங்கையை விரித்து அதில் ஒரு பிடி மண்ணை வைத்தது. நம்பினால் நம்புங்கள், அந்த மண் ஈரமாக இருந்தது. ஊரில் குழிக்கரையில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் இப்படித்தான் மண்ணை எடுத்துக் கையில் தருவார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனை அடக்கத்துக்குப் போயிருப்பேன். கைக்கு மண் வந்தால் போடுவது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். யோசிக்கவே இல்லை, முன்னால் போட்டுவிட்டேன்.

யார் இது என்று பார்க்க இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த மாத்திரத்தில் மூன்று விரலும் நாடி பார்க்கிற இடத்துக்குத் தானாகப் போய்விட்டன. பதினான்கு வருடப் பழக்கம், யார் கையைப் பிடித்தாலும் என் விரல் அங்கேதான் போகும். போனால் மனசு எண்ண ஆரம்பித்துவிடும். கை நல்ல சூடாக இருந்தது. நாடி வேகமாகவும் மெலிசாகவும் ஓடியது, கடுமையான காய்ச்சல்காரனுடைய நாடி. அந்தக் கை மண் அள்ளக் கீழே போனது, என் இடது கையும் பிடித்தபடியே கூடப் போனது. இரண்டாவது பிடி என் உள்ளங்கைக்கு வந்தது. அதையும் போட்டேன். டீசல் நாற்றமும் நனைந்த கயிற்று நாற்றமும் அடித்தது.

மூன்றாவது பிடி வைக்கும்போதுதான் அந்த விரல்கள் என் உள்ளங்கையில் முழுதாகப் பட்டன. ஆள்காட்டி விரல் குட்டையாக இருந்தது. நகம் இல்லை. மழுங்கின நுனி.

"மிக்கேலு!" என்று கத்திவிட்டேன்.

நான் அவனைக் கூப்பிட்டேன். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, பஸ்ஸை விட்டு இறங்குபவனைக் கூட்டத்தில் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். ஆனால் வெளியே அத்தனை பேரும் செத்தவனுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து ஜெசி ஒரு பெயரைச் சொல்கிறாள், எட்டு மாதமாகச் சொல்ல விடாத பெயரை அவளே சொல்கிறாள். அவர்கள் என்ன நினைப்பார்கள்? கடைசியில் மனசார ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தார்கள். ரோஸ்லின் அக்கா அழுதுகொண்டே அந்த இடத்தில் மிக்கேல் பெயரைச் சேர்த்துச் செபத்தை எடுத்தாள், இருபத்தேழு பேரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். நான் உள்ளே வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறேன். அதை அழுகை என்று நினைத்து அவர்கள் இன்னும் உருக்கமாகச் சொன்னார்கள்.

என் விரல் அவன் நாடியில்தான் இருந்தது. மனசு ஒரு பக்கம் எண்ணிக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. வெளியே ஆமென் என்றார்கள். மூன்றாவது பிடி மண் என் கையிலிருந்து போனது. நான் போட்டேனா, அதுவாக விழுந்ததா, எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. நாற்பத்தொன்று என்று எண்ணினேன். நாற்பத்திரண்டு வரவில்லை.

நாடி நின்றுபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். கொஞ்ச நேரம் அந்த மணிக்கட்டு என் கையில் கனமாக இருந்தது, பிறகு என் கையில் எதுவும் இல்லை.

இழுத்துத்தான் என்னை வெளியே கொண்டுவந்தார்களாம். முட்டி இரண்டும் உரசி ரத்தம். வலது உள்ளங்கை முழுக்க ஈர மண். ரோஸ்லின் அக்கா அந்தக் கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று விட்டுவிட்டாள், முகம் வெளுத்துவிட்டது. இப்போது கேட்டால், வேர்வையில் மண் ஒட்டியிருக்கும், நான் முகரவே இல்லையே என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் செபத்தைச் சொன்னது அவள் வாய்தானே, அவளுக்கும் ராத்திரி தூக்கம் வர வேண்டாமா?

சிவநேசன் அண்ணன் வாசலில் குந்தி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே போகவில்லை. நானும் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். சுற்றிலும் வெள்ளைப் பொடி மண். நடுவில் மூன்று இடத்தில் மட்டும் கறுப்பாக, ஈரமாக, ஒரு பிடி ஒரு பிடியாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, வெயில், வெயில், எல்லாரும் வண்டிக்கு நடவுங்கோ என்றார்.

பேரீச்சந்தோப்பில் எல்லாரும் சாப்பிடும்போது நான் பஸ்ஸிலேயே இருந்தேன். அவர் ஒரு டம்ளர் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிர் சீட்டில் உட்கார்ந்தார்.

"நான் அந்த ஒண்டுக்குள்ள மட்டும் ஒருநாளும் போறதில்ல தங்கச்சி. பதினைஞ்சு வருசத்தில ஒரு தரமும் போகேல்ல."

"ஏன்?"

"என்ர அண்ணா சண்டை முடிஞ்ச வருசம் காணாமப் போனவர். அம்மா இண்டைக்கும் அவருக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிறவ. செத்த வீட்டுக் காரியம் ஒண்டும் செய்ய விடேல்ல. உதுக்குள்ள போனா நானே அவரச் செத்தவரா ஆக்கிப்போடுவனோ எண்டு எனக்குப் பயம்."

"அப்ப எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்று அவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். தேநீர் கொட்டிவிட்டது.

"உங்கட வீட்டுக்காரரப் பற்றி எனக்குத் தெரியாதே தங்கச்சி. தெரிஞ்சு சொல்லியிருந்தாலும், நீங்கள் நம்பியிருப்பியளோ?"

நம்பியிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. அவரைப் பைத்தியம் என்றிருப்பேன்.

இதோடு முடிந்திருந்தால், வெயில், எட்டு மாதத் துக்கம், மூளை விளையாடிய விளையாட்டு என்று எனக்கு நானே மருந்து எழுதிக் கொடுத்திருப்பேன். முயற்சி பண்ணிப் பார்த்தேன். ஒன்றரை மாதம் கழித்து அக்கரை ஜெயிலிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் சிலரை விட்டார்கள். அதில் மிக்கேல் இல்லை. வந்தவர்களில் அடுத்த ஊர்ப் பையன் ஒருவனுடைய போன் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன்.

"எங்களுக்க அடுத்த அறையில ஒருத்தன் தனியாக் கெடந்தான் அக்கா. கடுங்காய்ச்சல் போல. முகத்தப் பாக்க விடல்ல. ராவும் பகலும் பெனாத்திகிட்டே கெடப்பான், தமிழா மலையாளமான்னு வெளங்காது."

"பெறவு?"

"ஒரு நாளு மத்தியானம் சத்தம் நின்னு போச்சி. தூக்கிட்டுப் போனாவ."

"எந்தக் கெழம? சனிக்கெழமையா?"

"அங்க கெழமையெல்லாம் ஆருக்கு அக்கா தெரியும்."

"அவனுக்க கையப் பாத்தியா? வெரலப் பாத்தியா?"

"சாப்பாட்டுத் தட்ட எடுக்கயில கதவுக்க அடியில கை மட்டும் வெளிய வரும் அக்கா. வெரல நான் கவனிக்கல்ல. என்னை மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டான். சின்னப் பையன், அவனை எதற்கு அழ வைத்தேன்.

அந்த அறையில் கிடந்தது மிக்கேல்தானா, எனக்குத் தெரியாது. செத்துப்போய் எட்டு மாதமாகக் கடலடியில் கிடந்தவன், என்னை விட்டுவிடு என்று சொல்லத்தான் வந்தானா, தெரியாது. அப்படித்தான் வந்தான், உனக்கு விடை சொல்லிவிட்டுப் போனான் என்று ரோஸ்லின் அக்கா சொல்கிறாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறார்கள். ஆனால் செத்தவன் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பிடித்தது சூடான கை. அவனுக்கு உயிர் இருந்தது. நாற்பத்தொன்று வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம்தான் இல்லை. உயிரோடு எங்கேயோ கிடந்தவனை நான் என் கையால் மண் போட்டு முடித்தேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதற்கு வேறு பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். நானும் தேடாத இடம் இல்லை.

அந்தப் பையனிடம் பேசிய வாரமே மிக்கேலின் அண்ணனுக்குப் போன் பண்ணி, சட்டையை வைத்துப் பெட்டியை இறக்கிவிடுங்கள் என்று சொன்னேன். அவர் அந்தப் பக்கம் உடைந்து அழுதார், நான் அழவில்லை. லீவ் கிடைத்தது, ஆனால் போகவில்லை. வீடியோவில் காட்டினார்கள். அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைப் பெட்டியில் வைத்து இறக்கினார்கள். மகள் குனிந்து மூன்று பிடி மண் போட்டாள், யாரும் சொல்லித்தராமலே சரியாக மூன்று. அம்மா, நீ போடாண்டாமா என்று போனைப் பார்த்துக் கேட்டாள். நான் போட்டாச்சு மக்களே என்றேன்.

இன்றும் டியூட்டிக்குப் போகிறேன், வருகிறேன். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான். அரை நிமிடம் நாடி எண்ணி இரண்டால் பெருக்குவது எங்கள் வழக்கம், இல்லையா? என்னால் இப்போது முடிவதில்லை. நாற்பதுக்குப் பக்கத்தில் வரும்போது என் விரல்கள் தானாக எழுந்துவிடுகின்றன. போன வாரம் ஒரு பெரியவர், பாகிஸ்தான் பட்டாணியர், காய்ச்சலில் வந்திருந்தார். பாதியில் நான் கையை விட்டதும் பயந்துபோய், "க்யா ஹுவா சிஸ்டர்?" என்று கேட்டார். "குச் நஹி பாய்", ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு மெஷினை மாட்டிவிட்டேன். மெஷின் இல்லாத இடத்தில் பதினைந்து விநாடிக்கு மட்டும் எண்ணி நாலால் பெருக்கிக்கொள்கிறேன். யாருடைய கையிலும் நான் நாற்பத்தொன்றுக்குப் போவதில்லை.